நாலு வீதியில் நாலு பேர்

என் மாமா இன்றைக்கும் மூன்று பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார். மூன்று பேரும் பிள்ளை பிடிக்கிறவர்கள். நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, ஸ்ரீரங்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சித்திரை வீதிகள் நாலிலும் வீதிக்கு ஒருவனாக நாலு பேர் திரிந்தார்கள் என்பது அவர் கட்சி. அதில் ஒருவர் மட்டும் நல்லவர் என்று மறுநாளே தெரிந்துபோனது. "அந்த ஆள் நல்லவரு, ஒத்துக்கறேன். மத்த மூணு பேரு எங்க?" என்று கேட்பார். அந்த மூன்று பேரும் எங்கே என்று எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். சொல்லியும் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை.

அப்போது நாங்கள் துறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. துறையூரில் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக நடந்து ரைஸ் மில் பக்கம் திரும்பினால் வீடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துவிடுவேன். ஸ்ரீரங்கம் அப்படி இல்லை. நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். ஒரே பேர்தான், திசை மட்டும் மாறும். கீழச் சித்திரை வீதி, தெற்குச் சித்திரை வீதி, மேலச் சித்திரை வீதி, வடக்குச் சித்திரை வீதி. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே திசை தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் பச்சை கேட் இருக்கும், பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும் என்பது மட்டும்தான். நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார மாமி.

அந்த வெள்ளிக்கிழமை தம்பிக்குக் காது வலி. தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் காட்ட அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தது. "சாவி மாமிகிட்ட இருக்கும். ஆட்டோல வந்து இறங்கினதும் நேரா மேல போ. முறுக்கு வெச்சிருக்கேன். நான் வர ஆறு மணி ஆயிடும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆறு மணி வரைக்கும் வீட்டில் யாரும் இல்லை என்பது ஒன்பது வயதுக்குச் சின்னச் செய்தி அல்ல. என்னோடு ஸ்கூல் ஆட்டோவில் வருகிற ஹரிணி வீட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ் இருந்தன. பார்க்க வா, வா என்று ஒரு வாரமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் ஆட்டோக்காரரிடம், "அம்மா இங்கதான் இறங்கச் சொன்னாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லி, ஹரிணியோடு கீழச் சித்திரை வீதியில் இறங்கிக்கொண்டேன்.

லவ் பேர்ட்ஸ் இரண்டும் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்தாகிவிட்டது. ஹரிணி வாசல் வரைக்கும் வந்து, "இப்படியே போய்த் திரும்பினா உங்க வீதி" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் காட்டின பக்கம்தான் போனேன் என்று சத்தியம் செய்ய எனக்கு இப்போதும் தைரியமில்லை. கொஞ்ச தூரம் போனதும் சந்தேகம் வந்து திரும்பினேன். திரும்பி வந்தால் ஹரிணி வீடும் எது என்று தெரியவில்லை. எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தது. ஷட்டர் போட்ட ஒரு கடை வாசலில் நின்று அழ ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். மொபெட்டில் பின்னால் பிளாஸ்டிக் குடம், பக்கெட், மக்கு, பேசின் எல்லாம் ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தது. தலையில் ஹெல்மெட். வண்டியை நிறுத்தி, கிட்டே வராமல் தள்ளி நின்றே, "ஏன் பாப்பா அழுவுற? எந்த வீதி?" என்று கேட்டார்.

"சித்திரை வீதி."

"இதுவே சித்திரை வீதிதான் பாப்பா. கீழச் சித்திரையா, தெக்கா, மேலயா, வடக்கா?"

"பச்சை கேட்டு."

அவர் சிரிக்கவில்லை. அப்பா நம்பர் தெரியுமா என்றார். புது ஊருக்கு வந்து அப்பா நம்பரையும் மாற்றியிருந்தார், எனக்கு மனப்பாடம் ஆகவில்லை. பேர் என்ன என்றார். முன்பின் தெரியாதவர்களிடம் பேரைச் சொல்லக்கூடாது என்று ஸ்கூலில் அந்த வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமல் நிற்கக்கூடாது என்று அம்மா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் பேச்சையும் தட்டாமல், "ஹரிணி" என்றேன்.

"சரி ஹரிணி, ஏறிக்க. பச்சை கேட்டு வர வரைக்கும் சுத்துவோம். எங்க போயிடப் போவுது" என்று என்னை வண்டியில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டார். என் சாப்பாட்டுப் பையை வாங்கி ஹேண்டிலில் மாட்டினார். எங்கள் வீடு வடக்குச் சித்திரை வீதி. இடம் பக்கமாகப் போயிருந்தால் இரண்டு நிமிஷம். அவர் கோயில் ஊரில் எல்லாரும் செய்வதைச் செய்தார், வலமாகப் போனார்.

அதனால் நாலு வீதியும் சுற்றவேண்டியதாயிற்று. தெற்குச் சித்திரையில் பச்சை கேட் எதுவும் வராததால் நான் இன்னும் சத்தமாக அழுதேன். ஒரு டீக்கடையில் நிறுத்தி பன் வாங்கிக் கொடுத்தார். அழுகை அடங்கியது. மேலச் சித்திரைக்குள் திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்துப் பார்த்தார், அது தோள் வரைக்கும் இறங்கியது, நான் வீல் என்று கத்தினேன். பிறகு பின்னால் கட்டியிருந்ததில் ஒரு நீல பேசினை உருவி என் தலையில் கவிழ்த்தார். தன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். மேலச் சித்திரை வீதி முழுக்க நான் என் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கேட் பார்க்கவேண்டிய ஆள் கண்ணை மூடிவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், பச்சை வருகிற இடமெல்லாம் பேசினைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். வடக்குச் சித்திரையில் மழை விட்டது. பேசினையும் துண்டையும் எடுத்தார். தூரத்தில் எங்கள் கேட் தெரிந்தது.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். வீடு வரைக்கும் அவர் வந்தால் மாமி பார்ப்பாள், மாமி பார்த்தால் அம்மாவிடம் சொல்வாள். வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை. பை ஹேண்டிலிலேயே தொங்கியது.

ஆறு மணிக்கு அம்மா வந்து சாப்பாட்டுப் பை எங்கே என்றாள். ஸ்கூலில் மறந்துவிட்டேன் என்றேன். தம்பி காதுக்குள் சொட்டு மருந்து விடுகிற அவசரத்தில் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. திருவானைக்காவலில் வீடு, ஆனால் ஸ்ரீரங்கத்தில் அவர் இல்லாத செல்போன் குரூப் கிடையாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று படிக்க ஆரம்பித்தார். "கீழச் சித்திரை வீதில ஹெல்மெட் போட்ட ஒருத்தன், அழுவுற பிள்ளைய வண்டில தூக்கி வெச்சிக்கிட்டுப் போயிருக்கான். தெற்குச் சித்திரைல ஒருத்தன் பன்னுல மருந்து வெச்சுக் குடுத்திருக்கான், கத்திக்கிட்டிருந்த பிள்ளை தின்னதும் அப்படியே அடங்கிப்போச்சாம்." நான் சுற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இத்தனை பேர் திரிந்திருக்கிறார்கள், நல்லவேளை அந்த பிளாஸ்டிக்காரர் கண்ணில் பட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். மாமா அடுத்ததைப் படித்தார். "மேலச் சித்திரைல தலையில துண்டு கட்டுன ஒருத்தன். பிள்ளை மூஞ்சி தெரியாம நீல பேசினப் போட்டு மூடிக் கொண்டுபோயிருக்கான்."

நீல பேசின் என்றதும்தான் விளங்கியது. நாலாவதை அவர் படிக்காமலே எனக்குத் தெரியும். சொட்டச் சொட்ட நனைந்த ஆள், ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துத் தப்பித்த பெண் குழந்தை.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வீதியும் தன் வீதியில் பார்த்ததைத்தான் சொல்லியிருந்தது. நாலையும் ஒட்டவைக்கக்கூடிய ஒரே ஆள் நான், மாமாவுக்கு எதிரே தோசைத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்கு இந்த மாதிரிச் சேதியெல்லாம் ஆகாது. அவர் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். ரிப்போர்ட் வராமல் ஜுரத்தைக்கூட நம்பமாட்டார். "காணாமப்போன பிள்ளை யாரு? ஒரு பேரு சொல்லு" என்றார்.

"அதெல்லாம் வெளிய விடமாட்டாங்க, அத்தான். அமுக்கிருவாங்க."

"நாலு பிள்ளை காணோம்னா நாலு அம்மா அழுதிருக்கணும்ல? ஒண்ணுமே நடக்கல. எவனும் எந்தப் பிள்ளையையும் வண்டில ஏத்தல. எவனோ வேலையில்லாதவன் கிளப்பிவிட்டது."

"நாலு வீதி ஜனமும் பொய் சொல்லுதுங்கறீங்களா?"

"ஆமாங்கறேன்."

குரல் ஏறிக்கொண்டே போனது. துறையூரை விட்டு வரச்சொன்னது யார் என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. அம்மா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். ஒருவர் நாலு என்றார், ஒருவர் பூஜ்யம் என்றார். ஒன்று என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் ஆட்டோக்காரரிடம் சொன்ன பொய், ஹரிணி வீடு, முன்பின் தெரியாதவர் வண்டி, அவர் கொடுத்த பன் எல்லாம் வரிசையாக வெளியே வந்துவிடும். இவர்களே பேசிப் பேசி ஓய்ந்துவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். பதினொரு மணி இருக்கும், அம்மா மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் பிளாஸ்டிக் கட்டின மொபெட் வந்து நின்றது.

"ஏங்க, இங்க பச்சை கேட்டு வீட்டுல ஹரிணின்னு ஒரு பாப்பா இருக்குங்களா?" என்று அவர் கடைக்காரரைக் கேட்டது மாடி வரைக்கும் கேட்டது. ஒரு பெண்குழந்தையைத் தேடி வண்டியில் வந்த ஆள். அதுவும் அந்த வீதியில் இல்லாத ஒரு ஹரிணி. கடைக்காரர் வெளியே வந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மாமா, வண்டியை ஸ்டாண்ட்கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார். ஒரு நிமிஷத்தில் பத்துப் பேர். அதில் இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள்.

"இங்க ஹரிணின்னு யாருமே இல்லையே? யாரு நீ? எந்த ஊரு?"

"இல்லைங்க, நேத்து அந்தப் பாப்பாவ நான்தான் இங்க கொண்டாந்து..."

"நேத்தும் நீதானா!"

நான் கீழே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கையில் கிளிப்போடு நின்றேன். என்ன கூட்டம் என்று அம்மா கொடிக்கயிற்றுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது ஹேண்டிலில் தொங்கின பை. மஞ்சள் பை, முயல் படம் போட்டது, அறுந்த கைப்பிடி தைத்திருக்கும். அவளே தைத்தது.

"ஐயோ! அது என் பொண்ணோட பை!" என்று அலறினாள்.

அதுவும் உண்மைதான். அந்தக் கூட்டத்துக்கு அது ஒன்றுதான் பாக்கியிருந்தது. மாமா அறைந்தார். பிளாஸ்டிக்காரர் வண்டியோடு சாய்ந்தார். கயிறு அறுந்து மக்கும் குடமும் வீதி முழுக்க உருண்டன. கீழே விழுந்தவரை யாரோ காலால் எத்தினார்கள்.

எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. கூட்டத்துக்குள் கால்களுக்கு நடுவே புகுந்து, "அவரு என்னைக் கொண்டுவந்து விட்டாரு! நான் வழி மறந்துட்டேன்! அவரு ஒண்ணும் பண்ணல!" என்று கத்தினேன். ஒருவர் என்னைத் தூக்கிப் பின்னால் விட்டார். "பயமுறுத்தி வெச்சிருக்கான் சார், பாவம் குழந்தை, என்ன சொல்லுதுன்னு அதுக்கே தெரியல" என்றார். குழந்தை உண்மையைச் சொன்னால் நம்புவதற்கு அங்கே ஆள் இல்லை.

மாமா மட்டும் என் தோளைப் பிடித்து, "அப்ப ஹரிணின்னு ஏன் சொல்றான்?" என்றார்.

"நான்தான் அப்படிச் சொன்னேன், மாமா. பேரு சொல்லக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க."

மாமா கை தளர்ந்தது. கூட்டத்தில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. செல்போன்கள் பைக்குள் போயின. "காலம் கெட்டுக் கெடக்கு, என்ன பண்றது, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை, கடைக்குள் போய்விட்டார். பிளாஸ்டிக்காரர் எழுந்து, சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டு, மக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். ஒரு காது செக்கச் சிவந்திருந்தது. நானும் ஒரு மக்கை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நீல பேசின் விளிம்பில் கீறல் விட்டிருந்தது.

அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"வேணாங்க" என்றார். பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இந்தா ஹரிணி. இனிமே தனியா வராத" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். ஸ்டார்ட் ஆகவில்லை.

என் பேர் அது இல்லை என்று நான் அப்போதும் சொல்லவில்லை.

மாடிக்கு வந்ததும் எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். முந்தின நாள் பாதி சாம்பார் சாதத்தோடு மூடி வைத்த டப்பா. சாம்பார் கறையே இல்லாமல் தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தது. உள்ளே செய்தித்தாளில் மடித்து ஆறு கடலை உருண்டை. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று எங்கள் வீட்டிலும் வழக்கம் உண்டு.

"கொட்டுக்கா அதை. எதுல என்ன இருக்கோ" என்றார் மாமா. அவர் குரலில் பழைய வேகம் இல்லை. அம்மா கொட்டவில்லை. எங்களுக்கும் தரவில்லை. மூடி, அலமாரியில் மேல் தட்டில் வைத்தாள்.

சாயங்காலம் அப்பா வந்து எல்லாவற்றையும் கேட்டார். தன் பூஜ்யம் ஒன்றாகிவிட்டதில் அவருக்கு வருத்தம்தான், ஆனால் ஒத்துக்கொண்டார். மாமா மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. குரூப்பிலும் அப்படித்தான் வந்திருந்தது, ஒருவர் விடுவிக்கப்பட்டார், மற்ற மூவரைப் பற்றித் தகவல் தெரிந்தால் சொல்லவும் என்று. அப்பா கடைசியில், "அவரு பேரு என்ன? எந்தப் பக்கம் வீடு?" என்று கேட்டார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். ஹெல்மெட், துண்டு, நனைந்த சட்டை எல்லாம் நாலு வீதிக்கும் தெரிந்திருந்தது. பேர் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை எனக்குப் புது டப்பா வந்தது. பழையது மேல் தட்டிலேயே இருந்தது. மருந்து வைத்த உருண்டை, அதனால்தான் அம்மா அதைத் தொடப் பயப்படுகிறாள் என்று தம்பிக்கு நான் விளக்கம் சொன்னேன். அவனும் நம்பினான்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள், வீதியில் "குடம், பக்கெட்டு, மக்கேய்" என்று ஸ்பீக்கர் சத்தம் வரும். அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அடுப்பை அணைப்பாள். அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அவசர அவசரமாக வாசலுக்கு வருவாள். உருண்டைகள் எப்போதோ போய், அதில் அவருக்குக் கொடுக்க அவள் செய்த அதிரசமோ முறுக்கோ இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. அவள் முகம் வெளிறியிருந்தது மட்டும் தெரிந்தது. பாவம், அம்மா இன்னும் அந்த ஆளை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நினைத்து, அவளுக்கு முன்னால் ஓடிப்போய் நான் கதவைத் தாழ்ப்பாள் போடுவேன்.